இன்று தட்டுக்கு யார் வரவில்லை?

பாட்டி உள்ளே வரவில்லை. வகுப்பறை வாசலிலேயே நின்றார். ஒரு தோளில் பேரனின் பை, கையில் சின்ன எவர்சில்வர் டப்பா. மூடியைத் திறந்து என்னிடம் காட்டினார். இரண்டு தோசை, நான்காக மடித்து, ஓரமெல்லாம் பொன்னிறமாக முறுகியிருந்தது.

“ஒரு வாரமாக இதைத் தொடமாட்டேன் என்கிறான், டீச்சர். ‘இது சிவப்புச் சாப்பாடு பாட்டி, கெட்டது’ என்கிறான். நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்களாம். ஐந்து மணிக்கு எழுந்து பிள்ளைக்கு நான் கெட்டதையா சுட்டுக் கொடுக்கிறேன்?”

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அவன் சொன்னது உண்மை. சொல்லிக் கொடுத்தது நான்தான்.

சிங்கப்பூரில் ஒரு பாலர் பள்ளியில் தமிழாசிரியையாகப் பதினான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருபவர்கள் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள். அந்தப் பருவத்துக்கு எங்கள் பாடக் கருப்பொருள் உணவு. முந்தைய வாரம்தான் சுவரில் பச்சை அட்டை ஒன்று, சிவப்பு அட்டை ஒன்று ஒட்டியிருந்தேன். நல்ல உணவு பச்சையில், கெட்ட உணவு சிவப்பில். பிள்ளைகள் படங்களை வெட்டி ஓடி ஓடி ஒட்டினார்கள். கேரட்டும் ஆப்பிளும் பச்சைக்குப் போயின, பொரித்த கோழியும் மிட்டாயும் சிவப்புக்குப் போயின. இந்தப் பையன் தோசைப் படத்தோடு வந்து, “இது எங்கே டீச்சர்?” என்று கேட்டான். “எண்ணெய் ஊற்றித்தானே சுடுவார்கள்? சிவப்பில் ஒட்டு” என்றேன். யோசிக்காமல் சொன்ன சொல். அடுத்த பிள்ளை காத்துக்கொண்டிருந்தது, நான் திரும்பிவிட்டேன். அவன் அந்தச் சொல்லை வீடு வரைக்கும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

ஆறு வயதில் ‘கெட்டது’ என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான். கதையில் வரும் கெட்டவன் மாதிரி. கெட்ட உணவு என்றால் அதைச் சமைத்தவரும் கெட்டவர், நேற்று அதைச் சாப்பிட்ட நானும் கெட்டவன். அளவு, அடிக்கடி, எப்போதாவது என்ற பெரியவர்களின் கணக்கெல்லாம் அந்த வயதுக்குப் புரியாது. அதோடு, தமிழாசிரியை என்ற முறையில் எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. இங்கே பல வீடுகளில் பிள்ளையோடு நாள் முழுக்கத் தமிழில் பேசுபவர் பாட்டி ஒருவர்தான். “இன்னும் ஒரு தோசை போடட்டுமா, சட்னி போதுமா” என்ற அந்த அடுப்படிப் பேச்சுதான் பிள்ளையின் தமிழ். பாட்டியின் தோசையைத் தள்ளிவைக்கக் கற்றுக்கொடுத்தால் கூடவே எதைத் தள்ளிவைக்கிறேன் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

அன்று மாலையே அட்டைகளைக் கழற்றிவிட்டேன். பிறகு புதிதாகத் தொடங்கினேன். அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் கையில் எடுத்தது சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ‘மை ஹெல்த்தி பிளேட்’ படம். 2014இல் வந்தது. அதற்கு முன் பள்ளிகளில் நாங்கள் காட்டிக்கொண்டிருந்தது உணவுப் பிரமிடு. பிரமிடைப் பிள்ளைகள் மலை என்றுதான் பார்ப்பார்கள். மலையில் யாரும் சாப்பிடுவதில்லை. தட்டு அப்படி இல்லை, தினமும் பார்ப்பது. அந்தப் படத்தில் தட்டின் பாதி காய்கறியும் பழமும். கால் பங்கு முழுத்தானியம். மீதிக் கால் பங்கில் மீன், கோழி, முட்டை, பருப்பு, தோஃபூ போன்றவை. பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர். எது நல்லது, எது கெட்டது என்ற பேச்சே அதில் இல்லை. எது எவ்வளவு என்பது மட்டும்தான்.

ஆனால் அது மதியத் தட்டு. நம் காலை உணவு கோடு போட்டுப் பிரித்த தட்டில் வருவதில்லையே. சாம்பாரில் இட்லி மிதக்கும். பரோட்டாவைக் கறியில் தோய்த்துச் சாப்பிடுவோம். சில வீடுகளில் ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் மைலோவும் பிடித்தபடி பிள்ளை காலணி மாட்டிக்கொண்டிருக்கும். இந்தக் காலைக்கு அந்தப் படத்தை எப்படிப் பொருத்துவது?

விடை எங்கள் வகுப்பிலேயே இருந்தது. தினமும் காலையில் வருகைப் பதிவு எடுப்பேன். பெயரைக் கூப்பிட்டதும் “உள்ளேன் டீச்சர்” என்று கைதூக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அதில் அவ்வளவு ஆசை. யார் வரவில்லை என்று கண்டுபிடிப்பதில் அதைவிட ஆசை. சரி, தட்டுக்கும் வருகைப் பதிவு எடுப்போம் என்று முடிவுசெய்தேன்.

பழைய பள்ளிப் பாடநூல்களில் ஆற்றல் தரும் உணவு, உடலை வளர்க்கும் உணவு, உடலைப் பாதுகாக்கும் உணவு என்று மூன்றாகப் பிரித்திருப்பார்கள். அதைச் சுருக்கி மூன்று பேருக்குப் பெயர் வைத்தேன். அரிசி, கோதுமை, ரொட்டி, கேழ்வரகு எல்லாம் ‘ஓட்டம்’. பருப்பு, முட்டை, மீன், பால், தயிர், கடலை எல்லாம் ‘வளர்ச்சி’. காயும் கீரையும் பழமும் ‘காவல்’. எண்ணெயைத் தனியாக வைத்தேன். வகுப்புக் கதவு கிறீச்சிடும்போது இரண்டு சொட்டு எண்ணெய் விடுவார்களே, அந்த அளவு போதும், கதவை எண்ணெயில் குளிப்பாட்ட வேண்டாம் என்று சொன்னதும் புரிந்துகொண்டார்கள்.

கேள்வி ஒன்றே ஒன்று: “இன்று தட்டுக்கு யார் வரவில்லை?”

இந்தக் கேள்வியில் எனக்குப் பிடித்தது, வராதவரை யாரும் திட்டுவதில்லை என்பதுதான். வகுப்புக்கு ஒருவர் வரவில்லை என்றால் என்ன செய்வோம்? காய்ச்சலோ என்று விசாரிப்போம், நாளைக்கு வருவார் என்போம். தட்டுக்கும் அப்படியே. காலையில் காவல் வரவில்லையா, இடைவேளைக்குக் கூப்பிடுவோம். தோசையை யாரும் தள்ளிவிட வேண்டியதில்லை. தோசைக்குத் துணை தேடினால் போதும்.

முதல் நாள் பிள்ளைகளைக் காலையில் சாப்பிட்டதை வரையச் சொன்னேன். ஒரு சிறுமி இடியாப்பமும் கடலைக்கறியும் வரைந்திருந்தாள். இன்னொருவன் நாசி லெமாக்: சோறு, நெத்திலி, முட்டை, ஓரத்தில் இரண்டு வெள்ளரித் துண்டு. “காவல் வந்தாரா?” என்று கேட்டேன். “வந்தார் டீச்சர், ஆனால் இரண்டே துண்டு. தாமதமாக வந்திருக்கிறார்” என்றான். அந்தச் சொல் அப்படியே வகுப்பில் நிலைத்துவிட்டது. கொஞ்சமாக இருப்பதெல்லாம் இப்போது ‘தாமதம்’தான்.

அதே நாளில் ஒரு பிள்ளையின் தாள் வெறுமையாக இருந்தது. வண்ணப் பென்சிலைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அன்று அவள் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தாள். நான் அவளை எதுவும் கேட்கவில்லை, அருகில் போய் உட்கார்ந்து ஒரு வாழைப்பழம் கொடுத்தேன். அத்தோடு அந்தப் பயிற்சியையும் மாற்றிவிட்டேன். எந்தப் பிள்ளையின் காலை உணவும் வகுப்பு முன்னால் பரிசோதனைக்கு வரக்கூடாது. வீட்டின் அவசரம், வீட்டின் வருமானம், அம்மாவின் இரவுப் பணி எல்லாம் அந்தப் படத்தில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு, ‘நாளைக்கு நீ சாப்பிட ஆசைப்படுவது’ என்று தலைப்பை மாற்றினேன். வருகைப் பதிவு எடுப்பது அந்தக் கற்பனைத் தட்டுக்குத்தான். உண்மைத் தட்டுக்கு அவரவர் வீட்டில் அவரவரே எடுத்துக்கொள்ளட்டும். இதை மற்ற ஆசிரியர்களுக்கு நான் அழுத்திச் சொல்வதுண்டு.

இட்லி மாவு பாடம்தான் எனக்கு எல்லாவற்றிலும் நிறைவு தந்தது. முந்தைய நாளே அரிசியையும் உளுந்தையும் இரண்டு கிண்ணங்களில் கொண்டுபோய்ப் பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்க்கச் செய்தேன். நான்கு தம்ளர் அரிசிக்கு ஒரு தம்ளர் உளுந்து. அளந்து போட்டவர்கள் அவர்களே. ஒரு கரண்டி வெந்தயம் போடும்போது ஒருத்தி முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஊறவைத்து, மறுநாள் காலை ஆறு மணிக்கு அரைத்து, கண்ணாடி ஜாடியில் ஊற்றி எடுத்துப் போனேன். மாவு நின்ற மட்டத்தில் ஒரு சிவப்பு ரப்பர் வளையம் போட்டேன். நம் ஊர் வெப்பத்துக்கு மாவு பொங்க ராத்திரி முழுக்க வேண்டியதில்லை. பதினொன்றரைக்கு ஜாடியைப் பார்த்தால் மாவு வளையத்துக்கு மேலே இரண்டு விரல் ஏறியிருந்தது. பக்கவாட்டுக் கண்ணாடியில் குண்டூசித் தலை அளவுக் குமிழிகள். ஒருவர் மாற்றி ஒருவர் ஜாடியில் காதை வைத்துக் கேட்டார்கள். “பேசுகிறது டீச்சர்” என்றான் ஒருவன்.

“அரிசி யார்?”

“ஓட்டம்!”

“உளுந்து யார்?”

“வளர்ச்சி!”

“அப்படியென்றால் இட்லி யார்?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அந்த இடியாப்பச் சிறுமி சொன்னாள்: “இரண்டு பேரும் கைகோத்து வந்திருக்கிறார்கள்.”

இதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். அரிசியின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைகிற மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. நம் முன்னோர் இட்லி, பொங்கல், அடை, பருப்புச் சோறு என்று கண்டுபிடித்ததெல்லாம் இந்தச் சேர்க்கையைத்தான். ஆனால் பெற்றோரிடம் இன்னொன்றும் சொல்வேன். நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் இட்லி பெரும்பாலும் அரிசிதான். சர்க்கரை தொட்டு இரண்டு இட்லி கொடுத்தால் வளர்ச்சி ‘தாமதமாக’த்தான் வந்திருப்பார். சாம்பாரில் பருப்பு கையில் தட்டுப்பட வேண்டும், தண்ணீராக ஓடக்கூடாது. சாம்பாருக்கு நேரம் இல்லையா, தேங்காய்ச் சட்னியில் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையைக் கூடுதலாகப் போட்டு அரையுங்கள்.

தேங்காய் என்றதும் நினைவுக்கு வருகிறது. வகுப்பில் பெரிய வழக்கே நடந்தது. தேங்காய் மரத்தில் காய்க்கிறது, ஆகவே காவல் என்பது ஒரு கட்சி. வெள்ளையாகப் பால் வருகிறது, ஆகவே வளர்ச்சி என்பது மறு கட்சி. துருவலைத் தாளில் வைத்து அழுத்தித் தேய்க்கச் சொன்னேன். தாளில் எண்ணெய்த் திட்டு பரவி, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிந்தது. தேங்காய் கதவு எண்ணெயின் கட்சி என்று அவர்களே தீர்ப்புச் சொன்னார்கள். உருளைக்கிழங்கு இன்னும் சிரமம். ஈரச்சந்தையில் காய்கறியோடுதான் இருக்கிறது, ஆனால் தட்டில் அரிசியின் வேலையைச் செய்கிறது. பூரிக்கு உருளைக்கிழங்கு மசாலா வைத்தால் ஓட்டமே இரண்டு இருக்கையில் உட்கார்ந்துவிட்டது என்று விளக்கினேன். அதில் கேரட்டும் பட்டாணியும் போட்டால் சரியாகிவிடும்.

பானம் பற்றிச் சொல்லாமல் காலை உணவைப் பேச முடியாது. இங்கே பிள்ளைகள் தண்ணீரைவிட அதிகம் பார்ப்பது உறிஞ்சுகுழல் குத்திய பொட்டலப் பானங்களைத்தான். 2022 டிசம்பர் இறுதியிலிருந்து பொட்டலப் பானங்களுக்கு நியூட்ரி-கிரேட் குறியீடு நடப்பில் இருக்கிறது. ஏ முதல் டி வரை நான்கு தரம். சர்க்கரையும் நிறைவுற்ற கொழுப்பும் ஏற ஏறத் தரம் இறங்கும். 100 மில்லிலிட்டரில் சர்க்கரை 5 கிராமைத் தாண்டினால் சி, 10 கிராமைத் தாண்டினால் டி. டி தரப் பானத்தை விளம்பரம் செய்யக்கூடாது. ஓராண்டு கழித்துக் கடைகளில் கலந்து தரும் பானங்களுக்கும் இந்த விதி விரிந்தது. பிள்ளைகள் எழுத்துகளை விரைவாகப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் எழுத்து மட்டும் போதாது, அளவு கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஒரு காலிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டேன். அளவு 250 மில்லி. 100 மில்லிக்கு 6 கிராம் சர்க்கரை என்று அச்சிட்டிருந்தது. மொத்தம் 15 கிராம். ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 5 கிராம் என்று வைத்துக்கொண்டால் மூன்று கரண்டி. கண்ணாடிக் குவளையில் ஒரு பிள்ளை ஒரு கரண்டி என்று மூன்று பேரைப் போடச் சொன்னேன். மூன்றாவது கரண்டி விழுந்ததும், “இவ்வளவையும் நான் குடித்தேனா?” என்று ஒருவன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தான். பயமுறுத்தக்கூடாது என்பதால் உடனே சொன்னேன்: “ஓட்டம் ஏற்கெனவே ரொட்டியில் வந்து உட்கார்ந்துவிட்டார். இவர் அதே இருக்கைக்கு வந்த இரண்டாவது ஆள். இடம் இல்லை. பிறந்தநாளன்று கூப்பிடுவோம்.” வீட்டில் மைலோ கலக்கும் பெற்றோருக்குச் சொல்வது: பாலை அதிகமாகவும் பொடியைக் குறைவாகவும் போடுங்கள், கெட்டிப்பாலை விட்டுவிடுங்கள். ஒரே நாளில் குறைத்தால் பிள்ளை கண்டுபிடித்துவிடும். வாரத்துக்கு அரைக் கரண்டி குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு கூடவே பழகிவரும்.

இவ்வளவு சின்ன வயதில் இதெல்லாம் எதற்கு என்று சில பெற்றோர் கேட்பார்கள். 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போர் என்றே அறிவித்தது. மறு ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் பாலர் பள்ளிக் கல்வியையும் நீரிழிவையும் ஒரே மேடையில் பேசினார். அந்த இரண்டும் ஒரே உரையில் வந்தது எனக்கு மிகப் பொருத்தமாகப் பட்டது. நம் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு அதிகம் என்பதற்கு எனக்குப் புள்ளிவிவரம் வேண்டியதில்லை. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குத் தாத்தாவின் ஊசியும் பாட்டியின் மாத்திரைப் பெட்டியும் நன்றாகத் தெரியும். “தாத்தா விரலில் குத்தி ரத்தம் பார்ப்பார்” என்று நடித்தே காட்டுவார்கள்.

பாலர் பள்ளி முடிந்து தொடக்கநிலை ஒன்றுக்குப் போகும்போதுதான் உண்மையான சோதனை வரும். பள்ளி ஏழரைக்குத் தொடங்கும். பள்ளிப் பேருந்து வீட்டுக் கீழே ஆறே காலுக்கே வந்துவிடும். சிங்கப்பூரில் சூரியன் எழுவது ஏறக்குறைய ஏழு மணிக்கு. 1982இல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்ததிலிருந்து நம் காலைகள் இருட்டாகவே இருக்கின்றன. ஐந்தரை மணி இருட்டில் எழுந்த பிள்ளைக்குப் பசிக்காது. அது பிடிவாதம் இல்லை, உடம்பு இன்னும் விழிக்கவில்லை. அந்த நேரத்தில் மூன்று பேரையும் தட்டுக்குக் கூட்டிவர முயல வேண்டாம். வீட்டில் பாதி, இடைவேளையில் பாதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். எழுந்ததும் ஒரு சின்னக் குவளைப் பாலும் அரை வாழைப்பழமும் போனால் போதும். டப்பாவில் முட்டை வைத்த ரொட்டியோ, காய் போட்ட உப்புமாவோ, சுண்டலோ இருந்தால் மீதி இரண்டு பேர் ஒன்பதரைக்கு வந்து சேர்ந்துகொள்வார்கள். இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்து, படுக்கும்முன் பிஸ்கட் கொடுப்பதை நிறுத்தினால் காலைப் பசி தானாக வரும். என் மகளிடம் நான் கண்ட பலன் இது. இரண்டு வாரம் ஆனது.

பள்ளி உணவகங்களில் தானியம், புரதம், காய்கறி, பழம் எல்லாம் சேர்ந்த தட்டுகளை இப்போது விற்கிறார்கள். ஆனால் காசை நீட்டி எதை வாங்குவது என்று முடிவெடுப்பது ஏழு வயதுப் பிள்ளை. அதனால் பருவத்தின் கடைசி வாரம் வகுப்பில் ஓர் உணவகம் போடுவேன். காகித இட்லி, பஞ்சுச் சோறு, களிமண் முட்டை. கையில் இரண்டு வெள்ளி. கடைக்காரர் இன்னொரு பிள்ளை. “அக்கா, கொஞ்சம் காய்கறி வையுங்கள்” என்று சத்தமாகக் கேட்கப் பழக்குவேன். கூச்சப்படும் பிள்ளை கேட்காது. கேட்காததால் வெறும் மீ நூடுல்ஸைச் சாப்பிட்டு வரும். இந்த ஒரு வாக்கியத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லத் தெரிந்தால் போதும்.

பிள்ளை காய்கறியே தொடுவதில்லை என்பதுதான் பெற்றோரிடமிருந்து எனக்கு அதிகம் வரும் புகார். என் அனுபவத்தில் மூன்று தடவை மறுத்ததும் வீட்டில் கைவிட்டுவிடுகிறார்கள். புதிய சுவையைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளப் பத்துத் தடவைக்கு மேலும் ஆகலாம். ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டுதான். சாப்பிட்டால் ஐஸ்கிரீம் என்று பேரம் பேசாதீர்கள். காய்கறி தண்டனை, ஐஸ்கிரீம் பரிசு என்று அந்தப் பேரமே சொல்லிக்கொடுத்துவிடும். வாயில் திணிக்காதீர்கள். எதை வைப்பது என்பது உங்கள் முடிவு, எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் முடிவு.

முளைப்பயறு எனக்குக் கைகொடுத்தது. பச்சைப்பயறை இரவு ஊறவைத்து, மறுநாள் ஈரத்துணியில் கட்டி, ஆளுக்கொரு மூட்டையாகக் கொடுத்தேன். தினமும் தண்ணீர் தெளித்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் அவிழ்த்தபோது ஒவ்வொரு பயற்றிலும் வெள்ளையாக ஒரு மூக்கு. ஆவியில் வேகவைத்து, எலுமிச்சை பிழிந்து, சிட்டிகை உப்புப் போட்டேன். வீட்டில் பச்சையாக எதைப் பார்த்தாலும் வாயை மூடிக்கொள்வான் என்று அம்மா சொன்ன பையன் தன் மூட்டையில் ஒன்றைக்கூட யாருக்கும் தரவில்லை. எலுமிச்சைக்குக் காரணம் உண்டு. பயறு, கீரையில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. கூடவே வைட்டமின் சி இருந்தால் எடுத்துக்கொள்ளும். அதனால் கேழ்வரகுக் கூழுக்குப் பிறகு ஒரு கொய்யாத் துண்டு கொடுங்கள். சாப்பாட்டோடு தேநீர் கொடுக்காதீர்கள், அது இரும்பைத் தடுக்கும்.

ஓர் எச்சரிக்கை. வகுப்பில் எதை ருசிபார்க்கக் கொடுத்தாலும் ஒவ்வாமைப் படிவத்தைப் பார்க்காமல் நான் கொடுப்பதில்லை. நிலக்கடலை, முட்டை, எள் எல்லாம் சில பிள்ளைகளுக்கு ஆபத்து. நான்கு வயதுக்குக் கீழே உள்ள தம்பி தங்கைகளுக்கு முழுக் கடலை வேண்டாம், தொண்டையில் சிக்கும். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள்.

வேலைக்கு ஓடும் அம்மாக்கள் என்னிடம் கேட்பது, “இதற்கெல்லாம் எங்கே நேரம் டீச்சர்?” என்றுதான். புதிதாகச் சமைக்கச் சொல்லவில்லை, இருப்பதற்குத் துணை தேடச் சொல்கிறேன். கோப்பிக்கடையில் காயா ஜாம் தடவிய ரொட்டி வாங்கினால் கூடவே வரும் முட்டையைப் பிள்ளைக்கு முழுதாக வேகவைத்துக் கேளுங்கள், வீட்டிலிருந்து ஒரு பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பரோட்டா வாங்கினால் சர்க்கரைக்குப் பதில் பருப்புக் கறி, பிறகு பப்பாளி. சனிக்கிழமை தேக்கா சந்தைக்குப் போனால் பிள்ளையைக் கூட்டிப்போய் ஒரு காயை அவர்களே தேர்ந்தெடுக்க விடுங்கள். தான் தூக்கி வந்த காயைப் பிள்ளை ஒரு தடவையாவது கடித்துப் பார்க்கும்.

பாட்டியிடம் அந்த வாரமே மன்னிப்புக் கேட்டேன். அவர் பேரன் முன்னிலையில், வகுப்பில் எல்லாருக்கும் கேட்கும்படி. “டீச்சர் தவறாகச் சொல்லிவிட்டேன், பாட்டியின் தோசை கெட்டது இல்லை” என்றேன். பிறகு அவரையே ஒரு நாள் வகுப்புக்கு அழைத்தேன். மின்சாரத் தோசைக்கல்லையும் மாவையும் தூக்கிக்கொண்டு வந்தார். மாவில் முருங்கைக்கீரையும் கேரட் துருவலும் கலந்து, உள்ளங்கை அகலத்தில் எட்டுத் தோசை சுட்டார். ஒவ்வொன்றையும் திருப்பிப் போடும்போது பிள்ளைகள் வருகைப் பதிவு எடுத்தார்கள். ஓட்டம், உள்ளேன். வளர்ச்சி, உள்ளேன். காவல், உள்ளேன். பேரன் கல்லுக்குப் பக்கத்திலேயே காவலாளி மாதிரி நின்றான்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் பாட்டி மறுபடியும் வாசலில் நின்றார். இந்த முறை டப்பா இல்லை.

“நேற்று என்ன செய்தான் தெரியுமா, டீச்சர்? எல்லாருக்கும் போட்டுவிட்டு நான் என் தேநீரும் இரண்டு பிஸ்கட்டுமாக உட்கார்ந்தேன். எனக்குக் காலையில் அவ்வளவுதான் வழக்கம். வந்து என் தட்டைப் பார்த்தான். ‘பாட்டி, ஓட்டம் வந்திருக்கிறார். வளர்ச்சி வரவில்லை. காவலும் வரவில்லை’ என்றான். தன் முட்டையைப் பாதியாகப் பிய்த்து என் தட்டில் வைத்துவிட்டு, நான் வாயில் போடும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றான்.”

பையன் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடினான். பாட்டி அவன் பையை ஆணியில் மாட்டினார்.

“இன்றைக்கு இரண்டு முட்டை வேகவைத்தேன்” என்றார்.